முதல் அடியும் மூன்றாம் அடியும்

இன்று ராத்திரி ஒன்பது மணிக்கு, கோத்தகிரியிலிருந்து நம்ம இணைய வானொலி நிகழ்ச்சி. பங்க் (முரட்டு வேக ராக்), ஃபங்க் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ஆட்ட இசை), ரெகே (ஜமைக்கா இசை) எல்லாம் கலந்துதான்.

1977-ல் லண்டனில் பங்க் ரசிகர்கள் கூடிய ராக்ஸி கிளப்பில் டி.ஜே. டான் லெட்ஸ் பாட்டு போட்டபோது, பங்க் இசைத்தட்டுகள் அவ்வளவாக வெளிவந்திருக்கவில்லை. அதனால் ரெகே போட்டார். பங்க் கூட்டம் சொக்கிப்போனது. அப்புறம் நான் எதற்குப் பிரிக்க வேண்டும்?

தாளத்தைக் கவனியுங்கள், ஒரு சுற்றுக்கு நான்கு அடி. அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் ஃபங்க்கில் முதல் அடியில்தான் மொத்த பலமும் விழும். ரெகேயின் 'ஒன் டிராப்' என்ற தாளத்தில் டிரம் அந்த முதல் அடியை விட்டுவிட்டு மூன்றாவதில் இறங்கும். அந்த இடைவெளியில், தாழ்ந்த சுரம் தரும் பாஸ் கிதார் நடக்கிற நடை இருக்கிறதே, அதற்காகவே இந்த நிகழ்ச்சியை நடத்துகிறேன். படுகர் ஆட்டத்துக்குப் பழகிய கால்களுக்கு அந்த நிதானம் சட்டென்று பிடிக்கும் என்பது என் எண்ணம்.

தயவுசெய்து ஹெட்போனில் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் பாஸ் காணாமல் போய்விடும். குன்னூர், ஊட்டி நண்பர்களே, விருப்பப் பாட்டை எட்டு மணிக்குள் சொல்லிவிடுங்கள்.