பிளாக் போட்ட பிறகு என்ன நடக்கிறது: மேஜிக் காம்பாட் நாட்குறிப்பு

ஜனவரி 6, 2025

மேஜிக்: தி கேதரிங் சீட்டாட்டத்தில் கிரீச்சர்கள் (உயிரினச் சீட்டுகள்) மோதும் காம்பாட் ஐந்து கட்டமாக நடக்கும்: தொடக்கம், அட்டாக்கர் (தாக்கும் கிரீச்சர்) அறிவிப்பு, பிளாக்கர் (அதைத் தடுக்கும் கிரீச்சர்) அறிவிப்பு, டேமேஜ், முடிவு. ஒவ்வொரு கட்டத்திலும் இரு தரப்புக்கும் ஸ்பெல் (மந்திரச் சீட்டு) போட வாய்ப்பு உண்டு. டேமேஜ் கட்டத்தில் மட்டும் அந்த வாய்ப்பு அடி விழுந்த பிறகுதான் வரும். மேசையில் எழும் வாக்குவாதங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்தை மறந்ததால் வருபவை.

அட்டாக் போகும் கிரீச்சர் டேப் ஆகும் (சீட்டைப் பக்கவாட்டில் திருப்பி வைப்பது). விஜிலன்ஸ் என்ற திறன் இருந்தால் ஆகாது. பிளாக் செய்ய டேப் செய்ய வேண்டியதில்லை, ஆனால் ஏற்கெனவே டேப் ஆகியிருப்பது பிளாக் செய்யாது. இந்த டர்னில் இறக்கிய கிரீச்சர் பொதுவாக அட்டாக் போகாது. அடுத்து எதிராளியின் டர்னில் தாராளமாக பிளாக் செய்யும்.

ஜனவரி 9

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. 2/2 (2 டேமேஜ் கொடுக்கும், 2 வாங்கினால் சாகும்) கிரிஸ்லி பேர்ஸ் என்ற கரடி அட்டாக் வருகிறது. எதிராளி டெத்டச் (1 டேமேஜ் பட்டாலே கொல்லும் திறன்) உள்ள 1/1 டைஃபாய்டு ராட்ஸ் எலியை வைத்து பிளாக் செய்கிறார். உடனே 3 டேமேஜ் கொடுக்கும் லைட்னிங் போல்ட் ஸ்பெல் போட்டு எலியைக் கொன்றுவிட்டு, “அப்போ 2 டேமேஜ் உங்களுக்கு” என்கிறார் அட்டாக் செய்தவர். கிடையாது. பிளாக்கர் செத்தாலும் கரடி ‘பிளாக் செய்யப்பட்டது’ என்ற நிலையிலேயே இருக்கும். டிராம்பிள் (பிளாக்கரை மிஞ்சும் டேமேஜை ஆட்டக்காரருக்குக் கடத்தும் திறன்) இல்லாவிட்டால் யாருக்கும் டேமேஜ் போகாது. கரடி பிழைத்தது, அவ்வளவுதான் லாபம்.

வழியைத் திறக்க வேண்டுமானால் பிளாக்கர் அறிவிப்புக்கு முன்பே எலியைக் கொல்ல வேண்டும், அல்லது டேப் செய்ய வேண்டும். பிளாக் செய்த பிறகு அதை டேப் செய்து பயனில்லை: டேப் ஆன பிளாக்கரும் முழு டேமேஜ் கொடுக்கும்.

ஜனவரி 14

ஒரு அட்டாக்கரை இரண்டு கிரீச்சர்கள் பிளாக் செய்தால்? 2009 முதல் இருந்த விதிப்படி, அட்டாக் செய்பவர் பிளாக்கர்களை வரிசைப்படுத்த வேண்டும். முதலில் நிற்பதற்குச் சாகும் அளவு கொடுத்த பிறகே அடுத்ததைத் தொடலாம். 2024 நவம்பரில் ஃபவுண்டேஷன்ஸ் என்ற சீட்டுத் தொகுப்பு வந்தபோது அந்த வரிசை ஒழிந்தது. இப்போது டேமேஜ் கொடுக்கும் நேரத்தில் விருப்பம்போல் பிரித்துக்கொள்ளலாம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 6/4 க்ரா வர்ம் அட்டாக். 2/2 கரடியும் 2/4 ஜயன்ட் ஸ்பைடரும் பிளாக். வர்ம் 2-ம் 4-ம் கொடுத்தால் இரண்டும் சாகும். திரும்பி வரும் 2+2-இல் வர்மும் சாகும். தடுப்பவர் கரடி மேல் ஜயன்ட் க்ரோத் (+3/+3) போடுகிறார். பழைய விதியில், கரடி வரிசையில் முதலில் நின்றிருந்தால், 5 அங்கேயே போய்ச் சிலந்தி தப்பிக்கும். இப்போது அட்டாக் செய்பவர் 4-ஐச் சிலந்திக்குக் கொடுத்துக் கொன்றுவிட்டு, மீதி 2-ஐ கரடி மேல் வைக்கலாம். டேமேஜ் டர்ன் முடியும்வரை நிற்கும் என்பதால், காம்பாட் முடிந்ததும் ஒரு லைட்னிங் போல்ட் போட்டால் அந்த 5/5 கரடியும் காலி. மாற்றத்தால் தடுப்பவர் கை கொஞ்சம் தாழ்ந்தது உண்மை. ஆனாலும் கற்றுக்கொடுக்க இது எவ்வளவோ எளிது, நல்ல மாற்றம்.

ஜனவரி 19

டிராம்பிள். 6/6 கொலாசல் ட்ரெட்மா மேல் கரடி பிளாக்: கரடிக்குக் குறைந்தது 2, மீதி 4 ஆட்டக்காரருக்கு. பல பிளாக்கர்கள் இருந்தால் எல்லாருக்கும் சாகும் அளவு ஒதுக்கிய பிறகே மிச்சம் தாண்டும். ஏற்கெனவே பட்ட அடியும் கணக்கில் வரும்: 3 டேமேஜ் வாங்கிய சிலந்திக்கு இன்னும் 1 போதும். அட்டாக்கருக்கு டெத்டச்சும் இருந்தால் ஒவ்வொரு பிளாக்கருக்கும் 1 போதும். பிளாக்கர் அதற்குள் காணாமல் போயிருந்தால் 6-ம் நேராக ஆட்டக்காரருக்கே.

ஜனவரி 23

ஃபர்ஸ்ட் ஸ்டிரைக் (முந்தி அடிக்கும் திறன்) அல்லது டபுள் ஸ்டிரைக் (முந்தியும் பிறகும் அடிக்கும் திறன்) உள்ள கிரீச்சர் ஒன்று காம்பாட்டில் இருந்தாலே டேமேஜ் கட்டம் இரண்டாகும். இரண்டுக்கும் நடுவில் ஸ்பெல் போடலாம். முதல் கட்டத்தில் அடித்த கிரீச்சருக்கு அதன்பின் ஃபர்ஸ்ட் ஸ்டிரைக் போனாலும் இரண்டாவது அடி கிடைக்காது. முதல் கட்டத்தில் அடிக்காத கிரீச்சருக்கு நடுவில் ஃபர்ஸ்ட் ஸ்டிரைக் கொடுத்தாலும் அதன் அடி பறிபோகாது.

இதோடு, கொடுத்த டேமேஜ் அளவுக்கு லைஃப் ஏற்றும் லைஃப்லிங்கைச் சேர்த்துப் பாருங்கள். தடுப்பவரின் லைஃப் 3 (0 ஆனால் தோல்வி). இரண்டு 3/3 அட்டாக் வருகின்றன. ஒன்றை லைஃப்லிங்க் உள்ள 2/2 பிளாக் செய்கிறது, மற்றது நேராக அடிக்கிறது. 3 போய் 2 அதே நொடியில் ஏறுவதால், ஆட்டம் தோல்வியைச் சரிபார்க்கும்போது லைஃப் 2, பிழைத்தாயிற்று. நேராக அடித்த கிரீச்சருக்கு ஃபர்ஸ்ட் ஸ்டிரைக் இருந்திருந்தால்? லைஃப்லிங்க் கை ஓங்கும் முன்பே லைஃப் 0. ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும்.