தீவு மண்ணில் கிடைத்த மருந்து

குறைவாகச் சாப்பிட்டால் ஆயுள் கூடும் என்பதை 1935-லேயே எலிகளை வைத்துக் காட்டிவிட்டார்கள். சரி, வாழ்நாள் முழுக்க அரை வயிறாக யாரால் இருக்க முடியும்? அந்தப் பலனை மட்டும் மருந்தாகத் தர முடியுமா என்ற தேடலில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது ராபாமைசின்.

1964-ல் ஒரு கனடா குழு ஈஸ்டர் தீவிலிருந்து எடுத்துவந்த மண்ணில் இருந்த பாக்டீரியா தந்த பொருள் இது, அந்தத் தீவை அங்குள்ளவர்கள் ராப்பா நூயி என்பார்கள், பெயர் அதிலிருந்துதான். மாண்ட்ரியலில் இதைப் பிரித்தெடுத்த சுரேன் சேகல், நிறுவனம் ஆய்வுக்கூடத்தை மூடியபோது அந்த பாக்டீரியாவை வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றினார். என்ன மனிதர்!

'சாப்பாடு நிறைய இருக்கிறது, வளரு' என்று செல்லுக்குச் சொல்லும் எம்டார் புரதத்தை இது அடக்குகிறது. உடனே செல் பட்டினி என்று நினைத்து, உள்ளே கிடக்கும் பழுதான பொருட்களை உடைத்து மறுபடி பயன்படுத்துகிறது. 2009-ல் வெளியான ஆய்வில், 600 நாள் வயதான சுண்டெலிகளுக்குக் கொடுத்தே ஆயுள் கூடியது. கிழட்டு எலிகள்! படித்துவிட்டு அன்று தூங்கவே இல்லை.

அப்புறம் ஒன்று, தயவுசெய்து நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு நோய் எதிர்ப்பை அடக்கத் தரும் மருந்து இது, மனித ஆயுளைக் கூட்டும் என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை.