கழுத்துப் பட்டன்

விமானிகள் பறக்கத் தகுதியா என்று பார்க்கும் கிளாஸ் ஒன் மெடிக்கல் பரிசோதனையில், டாக்டரான எனக்குச் சீக்கிரமே பழகிப்போனது, அவர்களின் வறண்ட நாக்கு. எடை பார்ப்பார்கள் என்று மூன்று நாள் சோற்றை விட்டு, முந்தின இரவிலிருந்து தண்ணீரும் குடிக்காமல் வந்து நிற்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை, அறுபது தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அந்த ஒரு காலைப்பொழுதைக் கடந்தால் போதும் அவர்களுக்கு.

அப்படி வந்த ஒரு கேப்டன், "நாலு கிலோ குறைச்சிட்டேன் டாக்டர்" என்றார். என் கண்ணில் பட்டது, டைக்குப் பின்னால் போடாமல் விட்டிருந்த கழுத்துப் பட்டன். நாடா வைத்து அளந்தேன். 17 அங்குலத்துக்கு மேல்.

"தூக்கம் எப்படி சார்?"

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவேன்."

கூட வந்திருந்த அவர் மனைவி மெதுவாகச் சொன்னார்: "குறட்டைக்கு நடுவுல மூச்சு நின்னுடுது டாக்டர். நான் முழிச்சு உக்காந்து பார்த்துட்டே இருப்பேன்."

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்ததில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று போகும் நோய், என்று நான் எழுதினால் பறக்க முடியாமல் தரையில் உட்கார வேண்டும்.

கழுத்தில் சேர்ந்த கொழுப்பு, தூக்கத்தில் தளரும் தொண்டையை அழுத்தி அடைக்கிறது. ஆக்சிஜன் இறங்க, மூளை திடுக்கிட்டு எழுப்புகிறது. இரவெல்லாம் இப்படி நடந்தாலும் காலையில் ஒன்றும் ஞாபகம் இருக்காது. 2008 பிப்ரவரியில் ஹொனலூலுவிலிருந்து ஹிலோ போன விமானத்தில், பட்டப்பகலில், இரண்டு விமானிகளுமே தூங்கிவிட்டார்கள். பதினெட்டு நிமிடம் ரேடியோவில் பதில் இல்லை. ஹிலோவைத் தாண்டிக் கடல்மேல் போய்த்தான் திரும்பினார்கள். கேப்டனுக்குக் கடுமையான ஸ்லீப் ஆப்னியா என்பது பிறகுதான் தெரிந்தது.

உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ 40-உம் கழுத்து 17 அங்குலமும், அல்லது அதற்கு மேலும், இருந்தால் தூக்கப் பரிசோதனை கட்டாயம் என்று 2013-இல் அமெரிக்க விமானத்துறை அறிவித்தபோது விமானிகள் கொதித்தார்கள். சுயநலம் என்று அன்று நினைத்தேன். இன்று அப்படி நினைக்க முடியவில்லை. ஒற்றை எண்ணுக்குப் பயந்தவன் அந்த எண்ணை மட்டும்தான் சரிசெய்வான், நோயை ஒளித்துவைப்பான். 2015-இல் அந்தத் திட்டத்தை மாற்றி, சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டு, பரிசோதித்துக்கொள்ள 90 நாள் தந்தார்கள். பகலில் கண் சொருகுகிறவரை நான் பறக்க விடமாட்டேன். ஆனால் உண்மையைச் சொன்னவர் பிழைப்பை இழக்கக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போதெல்லாம் எடை பார்ப்பதற்கு முன்பே தூக்கத்தைப் பற்றிக் கேட்டுவிடுகிறேன்.

அந்தக் கேப்டன் பல மாதம் கழித்து வந்தார். தினமும் ராத்திரி ஆறு மணி நேரம் சிபாப் மெஷின் (தொண்டை அடைக்காமல் காற்றை அழுத்தித் தரும் கருவி) ஓடிய கணக்கை மேஜைமேல் வைத்தார். தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வந்திருந்தார். எடை இரண்டு கிலோ கூடியிருந்தது. தகுதி உண்டு என்று பரிந்துரை எழுதினேன்.