3060 கேட்டுப் போய் 3060-யே வாங்கி ஏமாந்த கதை

மூன்று வாரம் உட்கார்ந்து ஆர்டிஎக்ஸ் 3060, 4060 என்ற இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகளையும் அலசினேன். ஆனால் கடையில் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்க்க அரை நிமிடம் ஒதுக்கவில்லை. விளைவு, செங்கல்பட்டிலிருந்து சென்னை ரிச்சி தெரு கம்ப்யூட்டர் கடைகளுக்கு நான்கு நடை. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

எனக்குப் பிழைப்பு வீட்டு இன்டீரியர் 3டி. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் கிச்சன், ஹால், பூஜை அறை என்று செய்து கொடுப்பது, ராத்திரியில் கொஞ்சம் கேம். பழைய 4 ஜிபி கார்டு திணற ஆரம்பித்ததும் என் பட்ஜெட்டுக்குள் மிஞ்சியவை இரண்டுதான்: 2021-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060 (12 ஜிபி மெமரி), 2023-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 (8 ஜிபி மெமரி).

நான் முதலில் விழுந்த குழி கூடா கோர் எண்ணிக்கை, அதாவது கார்டுக்குள் கணக்குப் போடும் குட்டி யூனிட்டுகள். 3060-க்கு 3584, 4060-க்கு 3072. அப்போ பழையதுதான் வேகம் என்று ஒரு நாள் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். தலைமுறை மாறிவிட்டால் கோரை மட்டும் எண்ணுவதில் அர்த்தமில்லை. பழையதன் பூஸ்ட், அதாவது கோர் ஓடும் உச்ச வேகம், 1777 மெகாஹெர்ட்ஸ், புதியது 2460. கோரையும் வேகத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் பழையது 12.7 டெராஃப்ளாப்ஸ் (நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்கு என்பது), புதியது 15.1. கேமில் 1080பி-யில் 4060 சுமார் 15-20 சதவீதம் முன்னால் நிற்கும், அதுவும் 170 வாட்டுக்குப் பதில் 115 வாட்டில். அதற்கு மேல் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று பட்டைப் படம் பார்த்தால் அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். அனேகமாக, கேமின் ஃபிரேம்களுக்கு நடுவே செயற்கை ஃபிரேம்களைச் செருகும் என்விடியாவின் ஃபிரேம் ஜெனரேஷனை ஆன் செய்து எடுத்ததாக இருக்கும். 3060-ல் என்விடியாவின் அந்த வசதி கிடையாது, பிளெண்டரில் சீனைப் படமாக்கும் ரெண்டருக்கு அதனால் நயா பைசா பிரயோஜனமும் இல்லை.

இன்னொன்று, 4060 எட்டு லேன் கார்டு, அதாவது போர்டோடு டேட்டா போய்வர எட்டு பாதைதான். என்னிடம் இருப்பது ரைசன் 5 5600ஜி. போர்டு பி550 என்றாலும் அந்த பிராசஸர் கார்டுக்கான இணைப்பான பிசிஐஇ-யில் 3.0 வரைதான் தரும், 4.0 இல்லை, அதனால் 4060-க்குக் கிடைக்கும் வழி பாதியாகிவிடும். 3060 பதினாறு லேன், அதற்கு அந்தக் கவலை இல்லை. போர்டு பெட்டியில் 4.0 என்று போட்டிருப்பதை நம்பி இருந்துவிடாதீர்கள், பிராசஸரையும் பாருங்கள்.

ஆனால் என்னைத் தீர்மானிக்க வைத்தது கார்டின் மெமரிதான். மாடலின் மேல் ஒட்டும் படமான 4கே கலர் டெக்ஸ்சர் ஒன்று, டிஸ்கில் ஜேபெக்காக 5 எம்பி இருந்தாலும், பிளெண்டர் அதைக் கார்டில் விரித்து வைக்கும்போது 64 எம்பி. 4096-ஐ 4096-ஆல் பெருக்கி, பிக்சலுக்கு 4 பைட் வைத்துப் பாருங்கள். என் கிச்சன் சீனில் மரம், கிரானைட், டைல்ஸ் என்று இந்த மாதிரி எண்பதுக்கு மேல். டெக்ஸ்சருக்கே 5 ஜிபி போய்விடுகிறது, மிச்சம் மாடலுக்கும் திரைக்கும். வேகம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, 12 ஜிபி வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

இரண்டு கடைகளில் வாட்ஸ்அப்பில் விலை கேட்டேன். ஒன்றில் குறைவாகச் சொன்னார்கள். எலெக்ட்ரிக் டிரெயினில் எழும்பூர், அங்கிருந்து ஆட்டோ. ஞாயிற்றுக்கிழமை போனது என் முட்டாள்தனம், தெருவே ஷட்டர் போட்டுக் கிடந்தது. திங்கட்கிழமை மறுபடி போய், பணம் கட்டி, ஜிஎஸ்டி பில் வாங்கி, பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு சந்தோஷமாக வந்தேன்.

மாட்டினேன், டிரைவர் போட்டேன், கேம் அழகாக ஓடியது. பிளெண்டரில் அந்தக் கிச்சனைத் திறந்து ரெண்டருக்கு எஃப்12 அழுத்தினால் மெமரி போதவில்லை என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி. டிரைவர் கோளாறு என்று நினைத்து இரண்டு முறை அழித்துப் போட்டேன். ராத்திரி பதினொன்றரைக்குத்தான் கார்டின் விவரத்தைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து பார்த்தேன். கோர் 3584, சரி. மெமரி 8192 எம்பி. மெமரிக்குப் போகும் பாதையான பஸ் 128 பிட். அதில் டேட்டா போகும் அளவான பேண்ட்விட்த் நொடிக்கு 240 ஜிபி.

வயிறு கலங்கிவிட்டது. 3060 என்ற அதே பெயரில் 2022 கடைசியில் 8 ஜிபி கார்டு ஒன்றும் வந்தது. கோர் எண்ணிக்கை அதேதான், மெமரியும் பஸ்ஸும்தான் வெட்டுப்பட்டவை. பஸ் அகலத்தை மெமரி வேகத்தால் பெருக்கி எட்டால் வகுத்தால் பேண்ட்விட்த் வந்துவிடும். 12 ஜிபி கார்டுக்கு பஸ் 192 பிட், மெமரி வேகம் 15 ஜிபிபிஎஸ்: 360. 4060-க்கு 128, 17: 272, அதற்காவது சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி, 24 எம்பி எல்2 கேஷ், கைகொடுக்கும். என் கையில் இருந்ததற்கு 128, 15: 240, கேஷும் பெரிதாக இல்லை. இரண்டு கார்டுகளை ஒப்பிட்டுவிட்டு இரண்டையும்விட மோசமான மூன்றாவதை வாங்கி வந்திருக்கிறேன்!

மறுநாள் மூன்றாவது நடை. கவுன்டரில் இருந்தவர் பெட்டியைத் தொடக்கூட இல்லை. "சீலை உடைச்சிட்டீங்களே சார், 3060 கேட்டீங்க, 3060 குடுத்தோம்" என்றார். பில்லிலும் வெறும் 3060 என்றுதான் இருந்தது, அளவு இல்லை. அப்போது காப்பாற்றியது வாட்ஸ்அப்தான். "3060 12 ஜிபி என்ன ரேட்" என்று நான் கேட்டதும், அதற்குக் கீழேயே அவர்கள் போட்ட விலையும். போனை நீட்டினேன். படித்துவிட்டு உள்ளே போனார், இருபது நிமிடம் ஆளையே காணோம். திரும்பி வந்து, 12 ஜிபி ஸ்டாக் இல்லை, கொஞ்சம் மேலே போட்டு 4060 எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

நல்லவேளை, பென் டிரைவில் அந்தக் கிச்சன் ஃபைலை வைத்திருந்தேன். அவர்களின் டெஸ்டிங் மேஜையில் 4060 மாட்டிய சிஸ்டம் ஒன்று இருந்தது. பிளெண்டர் இறக்கி ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு முகம் சுளித்தார், ஆனால் மறுக்கவில்லை. சின்ன படுக்கையறை சீன் சடசடவென்று முடிந்தது, நானே மயங்கிவிட்டேன். கிச்சனைத் திறந்ததும் அதே சிவப்பு வரி. "சார், டெக்ஸ்சரை 2கே ஆக்கிடுங்க" என்று பக்கத்தில் நின்ற பையன் யோசனை சொன்னான். தப்பில்லைதான், கால்வாசி இடம் போதும். ஆனால் கிளையன்ட் கிரானைட்டுக்குப் பக்கத்தில் கேமராவைக் கொண்டுபோகச் சொல்வார், எனக்கு அது சரிப்படாது. நான் கேம் மட்டும் ஆடுபவன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 4060 எடுத்திருப்பேன்.

கார்டைத் திருப்பிக் கொடுத்து, பில்லின் பின்னால் "12 ஜிபி, 192 பிட் தர வேண்டியது" என்று எழுதி சீல் வைத்து வாங்கிக்கொண்டேன். எழுத வைக்கவே பத்து நிமிடம் வாதாட வேண்டியிருந்தது. ஒன்பது நாள் கழித்து போன் வந்தது.

நான்காவது நடையில் பெட்டியை வீட்டுக்கு எடுத்து வரவில்லை, அங்கேயே மாட்டச் சொன்னேன். ஜிபியு-இசட்டில் பிசிஐஇ 1.1 என்று காட்டியதும் பகீரென்றது. சும்மா இருக்கும்போது அப்படித்தான் காட்டும், பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட் ஓடவிட்டால் சரியானது வரும். வந்தது. 192 பிட், 360. கிச்சனும் ஓடியது, மெமரி 9 ஜிபியைத் தாண்டிப் போய் நின்றது.

கிளம்பும்போது கவுன்டரில் வேறு யாரோ 3060 கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பையன் பெட்டியை எடுத்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூலையில் இருந்த ஜிபி எண்ணை அவரிடம் விரலால் தொட்டுக் காட்டினான்.