கச்சான் காற்றும் எண்பது ரூபாய்ப் பந்தும்

ராமநாதபுரத்தில் இருப்பவர்களுக்குக் கடல் என்பது விருந்தாளி வந்தால் காட்டுகிற பொருள். நமக்காக யாரும் போவதில்லை. பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம்தான் இருக்கிறது என்று இளையவன் அழுது அடம்பிடித்ததால், சரி, இந்த ஞாயிறு நாமே போகலாம் என்று முடிவானது. எங்கே போவது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. இரண்டு என்ன, நான்கு.

என் கணவர் வழக்கம்போல தனுஷ்கோடி என்றார். 1964 புயல் கதையை அரிச்சல்முனை வரைக்கும் சொல்லிக்கொண்டே வருவார். பிள்ளைகளுக்கு அது மனப்பாடம். மகளுக்குக் காரங்காட்டு அலையாத்திக் காட்டில் படகில் போக வேண்டும். "மரம் பாக்கவா கடலுக்குப் போறது?" என்று அத்தை அதை ஒரே வெட்டாக வெட்டிவிட்டு, "தேவிபட்டினம் போவோம். கடலுக்குள்ள இருக்கிற நவபாஷாண நவக்கிரகத்தைக் கும்பிட்ட மாதிரியும் ஆச்சு" என்றார்.

ஈசிசேரிலிருந்து மாமா மெதுவாகத் தலையைத் தூக்கினார். "தர்ப்பணம் குடுக்கிற இடத்துக்குக் குடும்பத்தோட சுற்றுலாவா? நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன்."

அதற்கு மேல் யாரும் பேசவில்லை. மாமாவே தீர்ப்பும் சொன்னார். "தென்மேற்கிலேருந்து கச்சான் காத்து அடிக்குது. மன்னார் வளைகுடாப் பக்கம், தென்கடல் கொந்தளிப்பா இருக்கும். பாக் நீரிணைப் பக்கம், வடகடல்தான் சரி. அரியமான் போவோம்."

உச்சிப்புளி தாண்டிப் போய்ச் சேர்ந்தோம். சவுக்குத்தோப்பு நிழலில் பாயை விரித்து, நாலு மூலைக்கும் செருப்பை வைத்து, புளிச்சோற்றுத் தூக்கைத் திறந்தால் முதல் கவளத்திலேயே நறநற. உப்பு குறைவு என்று நேற்றுவரை சொன்னவர்கள் மணலோடு அமைதியாகத் தின்றார்கள்.

கடலோ தட்டில் ஊற்றிய தண்ணீர்போலக் கிடந்தது. "அலையே இல்ல!" என்று இளையவன் மறுபடி அழ ஆரம்பித்தான். சமாதானத்துக்கு எண்பது ரூபாயில் ஒரு காற்றுப் பந்து வாங்கிக் கொடுத்தேன். சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்டது. ஊதி ஊதி என் கன்னம் வலித்ததுதான் மிச்சம். ஒரே உதை. பந்து தண்ணீரில் விழுந்தது. இந்தக் கரையில் கச்சான் நிலத்திலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற காற்றல்லவா, பந்து நிற்கவே இல்லை. இடுப்பளவு தண்ணீரில் கணவர் துரத்தினார். கை எட்டும்போதெல்லாம் அது இரண்டடி தள்ளி உருண்டது. சிவப்பு, மஞ்சள், சிவப்பு, மஞ்சள், அப்புறம் ஒரு புள்ளி.

"யாழ்ப்பாணம் போயிரும்" என்றார் மாமா, ஏதோ தானே வழியனுப்பி வைத்தவர்போல.

திரும்பும் வழியில் காருக்குள் சத்தமே இல்லை. உச்சிப்புளி ரயில்வே கேட்டில் நிற்கும்போது அத்தை மட்டும் மெல்ல ஆரம்பித்தார்.

"பந்து எனக்கென்னவோ தேவிபட்டினத்துலதான் கரை ஒதுங்கும்னு தோணுது. அடுத்த ஞாயிறு போய்ப் பாத்துட்டு வந்துருவோமா?"