தண்டல் கணக்கு

இன்று எட்டாம் வகுப்பில் வட்டிக் கணக்கு. வங்கியில் பணம் போடுபவரை விட்டுவிட்டு, இந்தப் பிள்ளைகளின் தெருவுக்குத் தினமும் சாயங்காலம் வரும் தண்டலையே எடுத்துக்கொண்டோம். கையில் கொடுப்பது 8,500 ரூபாய். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும்.

"1,500தானே சார் வட்டி, 17.6 சதவீதம்" என்றான் ஒருவன். சரிதான், ஆனால் அது 100 நாளுக்கு. அதோடு ஐம்பதாவது நாளிலேயே 5,000 ரூபாய் திரும்பப் போய்விடுகிறதே! சராசரியாகக் கையில் நிற்பது 4,250 அளவுதான். வகுத்துப் பார்த்தால் 100 நாளுக்கே 35 சதவீதம். ஆண்டுக்கு 120ஐத் தாண்டுகிறது. வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது.

பூ கட்டி விற்கும் அம்மாவின் மகள் ஒருத்தி தண்டல் அட்டையை நோட்டுக்குள் வைத்து எடுத்து வந்திருந்தாள். கட்டம் கட்டமாக நீலப் பேனா டிக். "எங்கம்மாவுக்கு இது தெரியாது சார்" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்தது.

தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது 2003இல். இந்தப் பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பே.

அமெரிக்காவின் மிசிசிப்பியில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகப் போராடிய பாப் மோசஸ், 1982இல் ஏழைப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் அல்ஜீப்ரா புராஜெக்டைத் தொடங்கினார். ஓட்டுரிமை போலவே கணக்கறிவும் உரிமை என்றார். என் ஆசிரியர் பயிற்சியில் இதை யாரும் சொல்லித் தரவில்லை.

நாளைக்கு மகளிர் குழுக் கடனோடு ஒப்பிடப் போகிறோம். அட்டை இருப்பவர்கள் பெயரை மறைத்துவிட்டு எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.