தூண் அட்டவணையில் அகப்படாத சுமைகள்

தொழிற்கூடத்துக்கு அடித்தளம் வடிவமைக்கும் வேலை பெரும்பாலும் ஓர் அட்டவணையிலிருந்துதான் தொடங்குகிறது. எஃகுச் சட்டகத்தை வடிவமைத்தவர்கள் ஒவ்வொரு தூணின் அடியிலும் வரக்கூடிய விசைகளை எண்களாகக் கொடுத்துவிடுகிறார்கள். அவற்றை மண்ணின் தாங்குதிறனால் வகுத்தால் ஃபுட்டிங்கின், அதாவது தூணுக்கு அடியில் மண்ணுக்குள் பரப்பி வார்க்கும் கான்கிரீட் பாதத்தின், அளவு கிடைத்துவிடும் என்றே பலரும் நினைக்கிறார்கள். குடியிருப்புக் கட்டடத்துக்கு இந்த வழி ஓரளவு ஒத்துவரும். தொழிற்கூடத்தில் அடித்தளத்தை உண்மையில் சோதிக்கும் சுமைகள் அந்த அட்டவணைக்குள் மறைந்து கிடக்கின்றன, அல்லது அதற்கு வெளியே நிற்கின்றன.

முதலில் காற்றை எடுத்துக்கொள்வோம். நடுவில் தூணே இல்லாத, 30 மீட்டர் அகலமுள்ள ஒரு கூடத்தில் சட்டகங்கள் 8 மீட்டர் இடைவெளியில் நிற்பதாகக் கொண்டால், ஒரு தூணின் பங்குக்கு வரும் கூரைப் பரப்பு 120 சதுர மீட்டர். தகடும் எஃகும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 0.25 கிலோநியூட்டன் (ஒரு கிலோநியூட்டன் என்பது சுமார் நூறு கிலோ எடைக்குச் சமமான விசை) என்றால் நிலைச்சுமை, அதாவது கூரையின் சொந்த எடை, வெறும் 30 கிலோநியூட்டன்தான். கூரைமீது வரும் பிற சுமைக்கு 0.75 சேர்த்தாலும் மொத்தம் 120 கிலோநியூட்டனைத் தாண்டாது. சதுர மீட்டருக்கு 150 கிலோநியூட்டன் தாங்கும் மண்ணில் இதற்கு ஒரு சதுர மீட்டர் ஃபுட்டிங்கே போதும்.

இப்போது காற்றின் வடிவமைப்பு அழுத்தம் சதுர மீட்டருக்கு 1 கிலோநியூட்டன் என்று கொள்வோம். கூரையின் வெளிப்புற உறிஞ்சல் சராசரியாக அதில் 0.7 பங்கு, கதவுகள் மூடியிருக்கும்போது உள்ளிருந்து மேலே தள்ளும் அழுத்தம் 0.2 பங்கு. இரண்டும் சேர்ந்து தூணை 108 கிலோநியூட்டன் விசையோடு மேலே இழுக்கின்றன. எதிர்த்து நிற்கும் நிலைச்சுமையில் பத்தில் ஒன்பது பங்கை மட்டும் நம்பிக் கழித்தால் 81 கிலோநியூட்டன் மிஞ்சுகிறது. காற்று வரும் பக்கத்தில் உள்ள பெரிய கதவு திறந்திருந்தால் உள்ளழுத்தம் 0.7 வரை ஏறக்கூடும். அப்போது மிஞ்சும் மேலிழுப்பு 141. இரண்டு மீட்டர் சதுரமும் 0.4 மீட்டர் கனமும் கொண்ட ஃபுட்டிங்கும், அதன்மேல் 1.2 மீட்டர் உயரத்துக்கு நிரப்பிய மண்ணும் சேர்ந்து சுமார் 125 கிலோநியூட்டன் எடை தரும். கதவு மூடியிருந்தால் ஒன்றரை மடங்கு பாதுகாப்பு. திறந்திருந்தால் ஃபுட்டிங் தோற்றுவிடும். ஆகவே கதவு எந்த நிலையில் இருக்கும் என்று கொண்டு கணக்கிடப்பட்டது என்பதே அட்டவணையைக் கொடுத்தவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. புயல் வருமுன் கதவை மூடிவிடுவோம் என்று உரிமையாளர் சொல்லலாம். ஆனால் அந்தக் கதவும் அதன் தண்டவாளமும் அதே காற்றழுத்தத்துக்கு வடிவமைக்கப்படாவிட்டால் காற்றே அதைப் பெயர்த்துத் திறந்துவிடும்.

பெரும் காற்று பெரும்பாலும் பெருமழையோடுதான் வரும் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறிவிட்டால் மிதப்பு விசையால் மண்ணின் எடை ஏறத்தாழப் பாதியாகவும், கான்கிரீட்டின் எடை கனமீட்டருக்கு 24-லிருந்து 14 கிலோநியூட்டனாகவும் குறைந்துவிடும். மேலே சொன்ன 125, ஏறத்தாழ 65 ஆகிவிடும். அது கதவு மூடிய நிலைக்கே போதாது. மண் ஆய்வறிக்கையில் தாங்குதிறனைத் தேடுவோர் பலர், மழைக்கால நீர்மட்டத்தைப் பார்ப்போர் சிலர்.

அடுத்தது தரை. இது அட்டவணையில் இடம்பெறுவதே இல்லை. அதே கூடத்தில் சதுர மீட்டருக்கு 50 கிலோநியூட்டன் அளவுக்குச் சரக்கு அடுக்கினால், தூணின் பங்கான அந்த 120 சதுர மீட்டரில் தரைமேல் ஏறும் சுமை 6,000 கிலோநியூட்டன். கூரையிலிருந்து இறங்குவதைப்போல ஐம்பது மடங்கு. அகலம்தான் இங்கே ஆபத்து. இரண்டு மீட்டர் ஃபுட்டிங்கின் அழுத்தம் ஏறக்குறைய நான்கு மீட்டர் ஆழத்துக்குள் பெரும்பாலும் கரைந்துவிடும். முப்பது மீட்டர் அகலத்தில் பரவிய சரக்கின் அழுத்தமோ பத்து மீட்டருக்குக் கீழும் அதிகம் குறையாமல் இறங்கும். ஃபுட்டிங்கை மட்டும் மனத்தில் வைத்து மண் ஆய்வுக்குத் துளையிடுவதை ஆறு மீட்டரோடு நிறுத்தியிருந்தால், எட்டு மீட்டரில் கிடக்கும் மென்களிமண் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

கனடாவின் வினிப்பெக் நகரை ஒட்டிய டிரான்ஸ்கோனாவில் 1913-ஆம் ஆண்டு நடந்தது இதுவே. பத்து லட்சம் புஷல் (தானியத்தை அளக்கும் ஒரு கன அளவு) கொள்ளளவுள்ள தானியக் களஞ்சியம் அது. 65 கான்கிரீட் குதிர்கள் ஒரே கான்கிரீட் அடித்தளத்தின்மேல் நின்றன. கட்டுமுன் செய்த சுமைச் சோதனை மேலிருந்த களிமண்ணை மட்டுமே தொட்டது; கீழே இருந்த மென்மையான களிமண்ணை அது எட்டவில்லை. ஏறத்தாழ 8,75,000 புஷல் நிரம்பியிருந்த நிலையில், அக்டோபர் 18 அன்று கட்டடம் அமிழத் தொடங்கி ஒரு நாளுக்குள் ஏறக்குறைய 27 பாகை சாய்ந்துவிட்டது. குதிர்கள் உடையவில்லை, மேற்கட்டுமானத்தை வடிவமைத்தவர்கள் தங்கள் பங்கை அவ்வளவு நன்றாகச் செய்திருந்தார்கள். பின்னர் பாறை வரை தூண்கள் இறக்கி அதை நிமிர்த்தி மீண்டும் பயன்படுத்தினார்கள்.

இந்த அளவுக்குச் சாயாவிட்டாலும் தொல்லை உண்டு. நடுவில் சரக்கு குவிந்தால் தரை கிண்ணம்போல் குழியும். இருபுறத் தூண்களின் ஃபுட்டிங்குகளும் உள்நோக்கிச் சாயும். ஐந்நூற்றில் ஒரு பங்கு சாய்வு கண்ணுக்கே தெரியாது. ஆனால் தூண்களில் 8 மீட்டர் உயரத்தில் பொருத்திய கிரேன் தண்டவாளம் அதனால் 16 மில்லிமீட்டர் உள்ளே நகரும். இரு பக்கமும் சேர்ந்தால் தண்டவாள இடைவெளி 32 மில்லிமீட்டர் குறுகும். சில மில்லிமீட்டர் மாற்றத்தை மட்டுமே பொறுத்துக்கொள்ளும் கிரேன் சக்கரங்கள் தண்டவாளத்தில் உரசிச் சிக்கும். பைல், அதாவது ஆழத்தில் உள்ள உறுதியான மண் வரை இறக்கும் நீண்ட தூண், போட்டுத் தப்பிவிடலாம் என்பதும் முழு விடையன்று. சுற்றியுள்ள மண் அமிழும்போது பைலையும் பிடித்துக் கீழே இழுக்கும் என்பதால், அந்தக் கூடுதல் இழுவையையும் பைலின் சுமையில் சேர்த்தாக வேண்டும்.

இயந்திர அடித்தளம் தனிக் கட்டுரைக்கான பொருள். அதிரும் இயந்திரத்தின் அடித்தளத்தைத் தூணின் ஃபுட்டிங்கோடு ஒட்டவிடக் கூடாது என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

இனி அட்டவணையின் வடிவத்துக்கே வருகிறேன். ஒவ்வொரு விசைக்கும் உச்ச மதிப்பை மட்டும் திரட்டி ஒரே வரியில் தருவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. உச்சத் திருப்புமையும் (தூணின் அடியைச் சுழற்றிக் கவிழ்க்கப் பார்க்கும் விளைவு) உச்சச் செங்குத்து விசையும் ஒரே நேரத்தில் வருவதில்லை. செங்குத்து விசை மிகக் குறைவாக இருக்கும்போது வரும் திருப்புமைதான் ஃபுட்டிங்கைக் கவிழ்க்கும். அந்தச் சேர்க்கையோ திரட்டிய வரியில் காணாமல் போய்விடுகிறது. நிலைச்சுமை, காற்று, கிரேன் ஒவ்வொன்றையும் பாதுகாப்புக் காரணியால் பெருக்காமல், விசையின் திசையைக் காட்டும் கூட்டல் கழித்தல் குறியோடு, தனித்தனி வரியாகக் கேட்டு வாங்குவதே நல்லது. தூணின் அடி சுழல முடியாத இறுக்கமான பிணைப்பா, சற்றே சுழல விடும் கீல் பிணைப்பா என்பதையும் எழுத்தில் பெற வேண்டும். இறுக்கமான பிணைப்பாகக் கொண்டால் எஃகின் எடை குறையும். அந்தச் சிக்கனத்தின் விலையை ஃபுட்டிங்கும், தூணை அதோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட்டும் கொடுக்கின்றன.

கீல் பிணைப்பிலும் தூணின் அடி வெளிப்பக்கம் உதைக்கும். அந்த உதைப்பைத் தாங்கத் தூணிலிருந்து கம்பிகளைத் தரை ஸ்லாபுக்குள் செலுத்துவது மலிவான வழிதான். ஆனால் தரை வார்க்கும் குழு விரிசலைக் கட்டுப்படுத்த அந்தக் கம்பிகளின் குறுக்கே கான்கிரீட்டில் இணைப்புக் கோடு வெட்டும், பத்து ஆண்டு கழித்து வரும் வேறொருவர் புதிய இயந்திரத்துக்காக அங்கேயே குழி தோண்டுவார். நீண்ட அகலமுள்ள கூடங்களில் ஸ்லாபுக்குக் கீழே, எதிரெதிர்த் தூண்களின் அடிகளை இணைத்துப் பிடிக்கும் தனி இழுவிட்டம் போட்டு, தரை வரைபடத்திலும் அதைக் குறிக்கச் சொல்கிறேன்.